முந்திரிக்கொல்லையில் புது மருந்து: எது எந்தப் பூச்சிக்கு?

மார்கழி மாதக் கடைசியில் பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரிக்கொல்லைக்குள் நடந்து பாருங்கள். எந்த மரம் நன்றாக இருக்கிறது, எது அடிவாங்கியிருக்கிறது என்று தூரத்திலிருந்தே தெரியும். நல்ல மரத்தில் செம்பழுப்புக் கொழுந்து மினுமினுக்கும். அடிவாங்கிய மரத்தில் அதே கொழுந்து நெருப்பு காட்டியதுபோலக் கருகித் தலைதொங்கிக் கிடக்கும். "பனி அடிச்சிடுச்சு" என்பார் ஒருவர். "பூஞ்சாணம்" என்பார் இன்னொருவர். பெரும்பாலும் இரண்டும் இல்லை. ஒரு சென்டிமீட்டர் நீளம்கூட வராத ஒரு பூச்சி ஊசிபோன்ற வாயால் குத்தி உறிஞ்சியதன் அடையாளம் அது.

தெரிந்தவர் ஒருவர் இப்படிக் கருகிய கொழுந்தை ஒடித்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனார். "புதுசா வந்திருக்கு, நல்லா கேக்கும்" என்று ஒரு மருந்தைக் கொடுத்தார்கள். விலையும் அதிகம். அடித்துப் பத்து நாளில் மிச்சமிருந்த கொழுந்தும் கருகிவிட்டது. போலி மருந்து என்று அவர் கோபப்பட்டார். புட்டியை வாங்கிப் பார்த்தேன். போலி இல்லை. நல்ல மருந்துதான், ஆனால் புழுவுக்கான மருந்து. அவர் மரத்தில் இருந்ததோ சாறு உறிஞ்சும் பூச்சி.

இந்தக் குழப்பம் தீரவேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். பழைய மருந்துகள் கண்ணில் பட்ட எல்லாவற்றையும் கொன்றன. ஆகவே பூச்சியின் பெயர் தெரியாவிட்டாலும் ஏதோ ஒரு பலன் கிடைத்தது. புது மருந்துகளில் பல அப்படியில்லை. ஒவ்வொன்றுக்கும் இன்ன வகைப் பூச்சி என்று ஓர் எல்லை உண்டு. எந்தப் பூச்சி என்று தெரியாமல் வாங்கினால், பழைய மருந்தைவிடப் புது மருந்தில்தான் காசு அதிகம் கரையும்.

மனப்பாடமாக இருந்த மூன்று பெயர்கள்

ஒரு காலத்தில் முந்திரிக்கு மருந்தடிப்பு என்றால் மூன்று சுற்று. கொழுந்து விடும்போது மோனோகுரோட்டோபாஸ், பூங்கொத்து தலைகாட்டும்போது எண்டோசல்பான், பிஞ்சு பிடிக்கும்போது கார்பரில். பெரியவர்களைக் கேட்டால் இன்றும் இதே வரிசையில் சொல்வார்கள். ஆனால் இந்த மூன்றில் ஒன்றுகூட இப்போது சட்டப்படி கிடையாது.

எண்டோசல்பான் கதை முந்திரியோடு சேர்ந்தே சொல்லப்படவேண்டிய கதை. கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் அரசுத் தோட்டக் கழகத்துக்குச் சொந்தமான முந்திரித் தோட்டங்கள் இருக்கின்றன. அங்கே 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் இருந்து எண்டோசல்பான் தெளித்தார்கள். குறி, தேயிலைக்கொசு என்ற இதே பூச்சிதான். மலைச்சரிவில் தோட்டங்களும் ஓடைகளும் வீடுகளும் கலந்து கிடக்கும் நிலம் அது. மேலிருந்து விழுந்த மருந்து மரத்தோடு நிற்கவில்லை. கிணற்றிலும் ஓடையிலும் கலந்தது. அந்த ஊர்களில் பிறவிக் குறைபாடு, நரம்பு நோய், வளர்ச்சி குன்றிய பிள்ளைகள் என்று துயரம் அடுக்கடுக்காக வெளியே தெரிந்தது. 2011 ஏப்ரலில், எளிதில் அழியாத நச்சுப்பொருள்களை ஒழிக்க உலக நாடுகள் செய்துகொண்ட ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை உலக அளவில் எண்டோசல்பானை விலக்கும் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டு மே 13ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இந்தியாவில் அதன் உற்பத்திக்கும் விற்பனைக்கும் இடைக்காலத் தடை விதித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் கொடுக்கவேண்டும் என்று 2017 ஜனவரியில் அந்த நீதிமன்றமே உத்தரவிட்டது. பணத்தால் ஈடாகிற இழப்பு இல்லை அது. முந்திரிப்பருப்பை வாயில் போடும் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது தெரிந்துகொள்ளவேண்டிய கதை என்று நினைக்கிறேன்.

கார்பரிலை 2018 ஆகஸ்டில் வந்த மத்திய அரசின் ஆணை தடைசெய்தது. மோனோகுரோட்டோபாஸ் 36 எஸ்.எல். (36 சதவீத நீர்க்கரைசல்) மருந்தின் பதிவை 2023இல் வந்த ஆணை விலக்கிக்கொண்டது. கையிருப்பைத் தீர்க்க ஓராண்டு அவகாசம் மட்டும் கொடுத்தார்கள். வீட்டுப் பரணில் பழைய புட்டி கிடக்கிறது என்பதற்காக எடுத்து அடிக்கவேண்டாம்.

மோனோகுரோட்டோபாஸ் ஏன் அவ்வளவு ஆபத்து? நரம்பிலிருந்து அடுத்த நரம்புக்குச் சேதி போக அசிட்டைல்கோலின் என்ற ஒரு பொருள் உதவுகிறது. சேதி சேர்ந்ததும் அதை உடனே துடைத்துவிட ஒரு நொதி உண்டு. மோனோகுரோட்டோபாஸ் அந்த நொதியை முடக்குகிறது. சேதி நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். பூச்சி துடிதுடித்துச் சாகும். பூச்சிக்கு இருக்கும் இந்த ஏற்பாடு அப்படியே நமக்கும் இருக்கிறது என்பதுதான் சிக்கல். மருந்தடித்தவருக்கு எச்சில் ஒழுகுவதும், கண்மணி சுருங்குவதும், மூச்சுத் திணறுவதும் இதனால்தான்.

புது மருந்து என்று சொல்லும்போது உண்மையில் புதிதாக இருக்கவேண்டியது இந்த இடம்தான்: பூச்சியின் உடம்பில் அது எந்த இடத்தைத் தாக்குகிறது என்பது. புட்டியின் நிறமும் பெயரும் புதிதாக இருந்து என்ன பயன்?

முதலில் பூச்சி

முந்திரியை நாடிவரும் பூச்சிகள் பல. தொடங்குபவர் நான்கு வகையைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டால் போதும்: சாறு உறிஞ்சுவது, இலைக்குள் சுரங்கம் போடுவது, பின்னிக்கொண்டு தின்பது, மரத்தைத் துளைப்பது.

சாறு உறிஞ்சுவதில் தலையானது தேயிலைக்கொசு. பெயரில்தான் கொசு, உண்மையில் அது ஒரு நாவாய்ப்பூச்சி, மூட்டைப்பூச்சிக்கு உறவு. தேயிலையிலும் சேதம் செய்வதால் இந்தப் பெயர். வளர்ந்த பூச்சிக்குக் கறுத்த தலை, சிவந்த நெஞ்சு, கறுப்பும் வெள்ளையுமான வயிறு. முதுகின் நடுவில் குண்டூசி குத்தி வைத்ததுபோல ஒரு சிறு கொம்பு நிற்கும். இந்தக் குண்டூசியைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாம். காலை இளவெயிலுக்கு முன்பும் மாலை வெயில் தாழ்ந்த பிறகும்தான் சுறுசுறுப்பாக இருக்கும். உச்சிவெயிலில் கொல்லைக்குப் போய் "பூச்சி ஒண்ணும் இல்லையே" என்று திரும்புவது இதனால்தான்.

இது குத்தும்போது எச்சிலையும் உள்ளே விடுகிறது. அந்த எச்சில் செடிக்கு விஷம். குத்திய இடம் முதலில் நீர்கோத்ததுபோலத் தெரியும். பிறகு பழுப்பாகி, கறுத்து, பிசின் கசியும். கொழுந்துத் தண்டில் இப்படி நாலைந்து இடம் விழுந்தால் தண்டே காய்ந்துவிடும். பூங்கொத்தில் விழுந்தால் பூ கருகும். பிஞ்சுக்கொட்டையில் விழுந்தால் கறுப்புப் பொட்டுகளோடு சுருங்கி உதிரும். ஒரே ஒரு பூச்சி மூன்று நான்கு கொழுந்துகளை நாசம் செய்யக்கூடியது. காய்ந்த திசுவில் பிறகு பூஞ்சாணமும் வந்து உட்கார்ந்துகொள்ளும். கடைக்காரர் அதைப் பார்த்துப் பூஞ்சாணக்கொல்லியைக் கொடுப்பதும், வாங்குபவர் அதையே அடித்துக்கொண்டிருப்பதும் எங்கள் பக்கம் ஆண்டுதோறும் நடக்கிறது. அடையாளம் காண ஒரு வழி: கருகலின் ஓரத்தில், இன்னும் பச்சையாக இருக்கும் தண்டில் தனித்தனியான நீளவாக்குப் புள்ளிகளும் பிசின் துளிகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் தொடங்கிவைத்தது கொசுதான்.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். இது முட்டையை இலைமேல் வைப்பதில்லை. கொழுந்துத் தண்டு, பூக்காம்பு, இலைக்காம்பு இவற்றின் சதைக்குள் செருகிவிடும். வெளியே இரண்டு மெல்லிய வெள்ளை இழை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். மேலே பட்டால் கொல்லும் மருந்தை எவ்வளவு அடித்தாலும் உள்ளே இருக்கும் முட்டைக்கு அது போய்ச் சேராது. ஒரு வாரத்தில் குஞ்சு வெளியே வரும். "அடிச்சேன், மறுபடியும் வந்துடுச்சு" என்ற புலம்பலில் பாதிக்குக் காரணம் இதுதான். அடித்து ஏழெட்டு நாள் கழித்து மறுபடி போய்ப் பார்க்கவேண்டும்.

இலைப்பேனும் மாவுப்பூச்சியும்கூட உறிஞ்சும் வகைதான். இலைப்பேன் கூட்டமாக இலையின் அடியிலும் பூவிலும் பிஞ்சிலும் சுரண்டி உறிஞ்சும். இலை வெளுத்துப் பழுப்பேறும், கொட்டைத்தோல் சொரசொரப்பாகும்.

இலைத்துளைப்பான் சிறிய அந்துப்பூச்சியின் புழு. இளம் இலையின் மேல்தோலுக்கு அடியில் சுரங்கம்போல நகர்ந்து பச்சையத்தைத் தின்னும். மேலே வெள்ளையாகக் கொப்புளம் எழும். இலை முற்றியபின் அந்த இடம் உதிர்ந்து ஓட்டை விழும். ஓட்டையைப் பார்த்து மருந்தடிக்க ஓடுபவர்கள் உண்டு. அப்போது புழு போய் மாதமாகியிருக்கும்.

இலையையும் பூவையும் பின்னும் புழு, பெயருக்கேற்ப இலைகளையோ பூங்கொத்தையோ நூலால் கட்டி அதற்குள் இருந்து தின்னும். பழத்தையும் கொட்டையையும் துளைக்கும் புழு, பழமும் கொட்டையும் சேரும் இடத்தில் நுழையும். அங்கே எச்சம் துருத்திக்கொண்டிருக்கும். அப்புறம் தண்டுத் துளைப்பான். அதைக் கடைசியில் பார்க்கலாம், அது தனி வழக்கு.

மருந்து பூச்சிக்குள் என்ன செய்கிறது

முந்திரிக்கான பரிந்துரைகளில் இப்போது முதலில் வருவது லாம்ப்டா சைஹாலோத்ரின். பைரித்ராய்டு வகை. ஒருவகைச் சாமந்திப்பூவில் இயற்கையாக இருக்கும் பைரித்ரின் என்ற பொருளைப் பார்த்துச் செய்த கூட்டம் இது. வீட்டுக் கொசுவர்த்தியில் இருப்பதும் இந்தக் குடும்பத்து உறுப்பினர்தான். நரம்பில் சோடியம் நுழையும் வாசல்களை மூடவிடாமல் திறந்தே வைத்துவிடும். பூச்சிமேல் பட்டாலே போதும், சட்டென்று விழும். தேயிலைக்கொசுவுக்கு நன்றாகக் கேட்கும். ஆனால் இதை முழுக்கப் "புதுத் தலைமுறை" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பழைய மருந்தைப்போலவே இதுவும் நல்ல பூச்சி, கெட்ட பூச்சி பார்க்காது. தேனீ, சிலந்தி, கும்பிடுபூச்சி எல்லாம் சேர்ந்து விழும். மீனுக்குக் கடும் விஷம். குளத்தங்கரைக் கொல்லையில் எச்சரிக்கை வேண்டும். மாவுப்பூச்சியைக் கட்டுக்குள் வைத்திருந்த இரைவிழுங்கிகள் செத்துவிடுவதால், இதையே திரும்பத் திரும்ப அடித்த கொல்லையில் மாவுப்பூச்சி பெருகுவதும் உண்டு.

அடுத்து நியோநிக்கோட்டினாய்டு வகை. இமிடாகுளோபிரிட், தையோமீத்தாக்சம், அசிட்டாமிபிரிட் என்ற பெயர்களைக் கேட்டிருப்பீர்கள். அந்தக் காலத்தில் புகையிலைக் கஷாயம் தெளித்தார்கள் அல்லவா, அந்த நிகோட்டினின் சாயலில் ஆய்வுக்கூடத்தில் செய்தவை இவை. முன்னே சொன்ன அசிட்டைல்கோலின் போய் உட்காரும் இடத்தில் இவை போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்காது. அந்த இடத்தின் வடிவம் பூச்சிக்கும் நமக்கும் கொஞ்சம் வேறு. பூச்சியிடம் இவை இறுகப் பிடிக்கும், நம்மிடம் அவ்வளவு பிடிக்காது. அதனால் அடிப்பவருக்கு மோனோகுரோட்டோபாஸைவிட ஆபத்து குறைவு. இன்னொரு குணம், இலைக்குள் ஊடுருவிச் சாற்றோடு ஓடும். சாறு உறிஞ்சும் பூச்சி தானாகவே விஷத்தைக் குடிக்கும். ஆகவே தேயிலைக்கொசு, இலைப்பேன், மாவுப்பூச்சி இவற்றுக்கு ஏற்றது.

அதே குணம்தான் இதன் குறையும். சாற்றில் ஓடுவது பூந்தேனிலும் மகரந்தத்திலும் சேரும். தேனீ அதைக் கொண்டுபோய்க் கூட்டில் வைக்கும். இதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் இமிடாகுளோபிரிட், தையோமீத்தாக்சம், குளோதையானிடின் மூன்றையும் திறந்தவெளிப் பயிர்களில் பயன்படுத்த 2018இல் தடை விதித்தது. நம் ஊரில் தடையில்லை. ஆனால் முந்திரி விவசாயிக்கு இது நேரடியாக வயிற்றில் அடிக்கும் விஷயம். முந்திரிப் பூங்கொத்தில் பெரும்பாலானவை ஆண்பூக்கள். இருபால் பூக்கள் கொஞ்சம்தான். மகரந்தமோ ஒட்டுகிற வகை, காற்றில் பறந்துபோய்ச் சேராது. தேனீயும் ஈயும் எறும்பும் வந்து தொட்டால்தான் கொட்டை. பூ விரிந்த மரத்தில் இந்த மருந்தை அடிப்பது, கொசுவிடமிருந்து பூவைக் காப்பாற்றிவிட்டுக் காய்பிடிக்க ஆளில்லாமல் செய்வது.

மூன்றாவது டையமைடு வகை. குளோரான்ட்ரானிலிப்ரோல், புளூபென்டியமைடு. இவை நரம்பை விட்டுவிட்டுத் தசைக்குப் போகின்றன. தசை சுருங்கக் கால்சியம் வேண்டும். அது அளவாகத் திறந்துவிடப்படவேண்டும். இவை அந்த மடையை உடைத்துவிட்டதுபோலக் கால்சியத்தை வெளியேற்றிவிடும். புழு சில மணி நேரத்தில் தின்பதை நிறுத்தும். சாக இரண்டு மூன்று நாள் ஆகும். மறுநாள் புழு அசைகிறதே என்று வேறு மருந்தை வாங்கி மேலே அடிக்கவேண்டாம், அது இனிக் கடிக்காது. பாலூட்டிகளுக்கு விஷத்தன்மை மிகக் குறைவு. தேனீக்கும் மற்றவற்றைவிடப் பாதுகாப்பு. இலைத்துளைப்பான், பின்னும் புழு, கொட்டை துளைப்பான் இவற்றுக்கு நல்ல மருந்து. தேயிலைக்கொசுவுக்கு இது மருந்தே இல்லை. கருகிய கொழுந்தோடு கடைக்குப் போன என் நண்பர் வாங்கி வந்தது இந்த வகையைத்தான்.

ஸ்பைனோசாட் பற்றி ஒரு வார்த்தை. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரி நொதிக்கும்போது கிடைக்கும் பொருள் இது. கரீபியன் தீவு ஒன்றில் கைவிடப்பட்ட ரம் ஆலையின் மண்ணில் 1982இல் அந்த நுண்ணுயிரியைக் கண்டெடுத்தார்கள். புழுவுக்கும் இலைப்பேனுக்கும் கேட்கும். ஈரமாக இருக்கும்போது தேனீக்கு விஷம், காய்ந்தபின் ஆபத்து வெகுவாகக் குறையும்; மாலையில் அடிப்பது நல்லது. விலைதான் கூடுதல்.

புப்ரோபெசின், பூச்சி தோலுரிக்கும்போது புதுத்தோல் உருவாகாமல் தடுப்பது. குஞ்சுகளை மட்டும் பிடிக்கும், வளர்ந்த பூச்சியை ஒன்றும் செய்யாது. மாவுப்பூச்சிக் குஞ்சுகள் நிறைய இருக்கும்போது பயன்படும்.

மருந்தை மாற்றுவது என்றால் என்ன

ஒரே மருந்தை வருஷக்கணக்கில் அடித்தால் பூச்சி பழகிவிடும் என்கிறோம். உண்மையில் எந்தப் பூச்சியும் பழகுவதில்லை. ஆயிரத்தில் ஒன்று பிறவியிலேயே தாங்கும் சக்தியோடு இருக்கும். மற்றவை செத்துப்போக, அது மட்டும் பிழைத்துக் குட்டிபோடும். அடுத்த அடிப்பில் அதன் வாரிசுகள். தேயிலைக்கொசு ஒரு தலைமுறையை முடிக்க மூன்று நான்கு வாரம் போதும். கொழுந்தில் தொடங்கிப் பிஞ்சு முற்றும்வரை பல தலைமுறை ஓடிவிடும்.

ஆகவே சுற்றுக்குச் சுற்று மருந்தை மாற்றவேண்டும். இதில்தான் எல்லாரும் ஏமாறுகிறோம். போன தடவை இமிடாகுளோபிரிட், இந்தத் தடவை தையோமீத்தாக்சம் என்றால் அது மாற்றம் இல்லை. இரண்டும் ஒரே கதவைத்தான் தட்டுகின்றன. பல புட்டிகளின் இலைத்தாளில் செயல்படும் விதத்துக்கான குழு எண் இருக்கும்: பைரித்ராய்டு 3ஏ, நியோநிக்கோட்டினாய்டு 4ஏ, ஸ்பைனோசாட் 5, டையமைடு 28. அந்த எண் மாறினால்தான் மருந்து மாறியது. கடையில் பெயரைக் கேட்காமல் எண்ணைக் கேளுங்கள். தெரியாது என்றால் புட்டியைத் திருப்பி நீங்களே படித்துவிடுங்கள்.

இரண்டு மூன்று மருந்தை ஒரே டேங்கில் கலந்து அடிப்பதையும் சொல்லவேண்டும். "எதுக்கும் இருக்கட்டும்" என்று புழு மருந்தும் கொசு மருந்தும் பூஞ்சாண மருந்தும் ஒன்றாகக் கலந்தால், இல்லாத பூச்சிக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம். கலவை திரிந்துபோனால் கொழுந்தே கருகும்.

எப்போது, எவ்வளவு

கடலூர், அரியலூர்ப் பக்கம் மழை ஓய்ந்து மார்கழியில் கொழுந்து, தை மாசியில் பூ, பங்குனி சித்திரையில் கொட்டை. கொழுந்துப் பருவம்தான் தேயிலைக்கொசுவின் திருவிழா. பூ முழுக்க விரிந்தபின் மருந்தடிப்பது தாமதம், தேனீக்கும் கேடு. கொழுந்தில் ஒரு தடவை நன்றாகக் கவனித்து அடித்தால் மற்றவற்றில் பாதி தேவைப்படாது என்பது என் எண்ணம்.

கவனிப்பது என்றால், கொல்லையில் அங்கங்கே பத்து மரத்தைத் தேர்ந்தெடுத்து அடையாளத்துணி கட்டுங்கள். வாரம் ஒருமுறை அதிகாலையில் போய் ஒவ்வொரு மரத்திலும் நான்கு திசையிலும் கொழுந்துகளைப் பார்த்து, எத்தனையில் புதுப்புள்ளி என்று நோட்டில் எழுதுங்கள். எண் ஏறுகிறதா, நிற்கிறதா என்று தெரிந்தாலே போதும். வேலியோரம் வேப்பமரம், கொய்யா, முருங்கை இருந்தால் அவற்றையும் பாருங்கள். தேயிலைக்கொசு அவற்றிலும் குடியிருக்கும். வேம்பு பூச்சியை விரட்டும் என்று நம்பி வளர்ந்த நமக்கு இது வியப்பாக இருக்கும். வேப்பங்கொழுந்தின் சாற்றையும் உறிஞ்சித் தீய்க்கிற பூச்சி இது.

பூங்கொத்து வெளிவந்து பூ விரியாத நிலையில் இரண்டாம் சுற்று. பிஞ்சுப் பருவத்தில் மூன்றாவது. கவனித்துப் பார்த்துத் தேவை என்றால் மட்டும். முந்திரியின் இருபால் பூக்கள் பெரும்பாலும் முற்பகலில் விரியும். தேனீ நடமாட்டமும் அப்போதுதான். விடிந்தும் விடியாததுமாக, அல்லது வெயில் தாழ்ந்து அடித்தால் தேனீ தப்பும். கொசு கண்ணில் படுவதும் அதே நேரங்களில்தான்.

அளவைப் பற்றி. லாம்ப்டா சைஹாலோத்ரினுக்கு முந்திரியில் சொல்லப்படும் அளவு 0.003 சதவீதம். இதை எப்படி மில்லியாக மாற்றுவது? வேண்டிய சதவீதத்தைப் புட்டியில் போட்டிருக்கும் சதவீதத்தால் வகுத்து ஆயிரத்தால் பெருக்குங்கள். புட்டியில் 5 ஈ.சி. (5 சதவீத மருந்து; ஈ.சி. என்பது தண்ணீரில் பால்போலக் கலக்கும் வடிவம்) என்றிருந்தால் 0.003 ÷ 5 × 1000 = 0.6. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 0.6 மி.லி.; பத்து லிட்டர் டேங்குக்கு 6 மி.லி. இதே மருந்து 2.5 ஈ.சி. என்றும் கிடைக்கும். அதில் கணக்குப் போட்டால் லிட்டருக்கு 1.2 மி.லி. பக்கத்துக் கொல்லைக்காரர் "ஒரு மூடி போடு" என்று சொன்னால் அவர் எந்தப் புட்டியின் மூடியைச் சொல்கிறார் என்று எப்படித் தெரியும்? மருந்துக்கடையிலேயே அளவுக்குவளை கிடைக்கும், ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வளர்ந்த மரத்துக்கு 5 முதல் 10 லிட்டர் கலவை பிடிக்கும். ஏழு மீட்டர் இடைவெளியில் நட்ட கொல்லை என்றால் ஏக்கருக்கு 80 மரம் சொச்சம். மரத்துக்கு 5 லிட்டர் வீதம் 400 லிட்டர் கலவை, 5 ஈ.சி. மருந்து 240 மி.லி. கடைக்குப் போகும் முன் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக்கொண்டு போனால், இரண்டு புட்டி அதிகமாகத் தலையில் கட்டமுடியாது. மற்ற மருந்துகளின் அளவுக்கு விருத்தாசலத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. முந்திரிக்கென்றே பல பத்தாண்டுகளாக வேலை செய்யும் இடம். பல புட்டிகளின் இலைத்தாளில் பருத்தி, நெல், மிளகாய் என்றுதான் அச்சிட்டிருக்கும். முந்திரிக்கு எது பரிந்துரை, அறுவடைக்கு எத்தனை நாள் முன்பே நிறுத்தவேண்டும் என்பதை அங்கே கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் சரி. மாடு மேயும் கொல்லையிலும், பிள்ளைகள் பழம் பொறுக்கித் தின்னும் கொல்லையிலும் இந்த நாள்கணக்கு இன்னும் முக்கியம். முந்திரிப்பழத்தைத் தோலுரித்தா தின்கிறோம்?

புட்டியில் சாய்சதுரத்துக்குள் ஒரு நிறம் இருக்கும். சிவப்பு மிகக் கடும் விஷம், மஞ்சள் கடும் விஷம், நீலம் நடுத்தரம், பச்சை குறைவு. பச்சை என்றாலும் விஷம்தான். முந்திரி உயரமான, அடர்ந்த மரம். தலைக்குமேல் பீய்ச்சுகிறோம், அடித்ததில் ஒரு பங்கு நம் முகத்திலேயே விழுகிறது. முழுக்கைச் சட்டை, தொப்பி, முகக்கவசம், கண்ணாடி இல்லாமல் அடிப்பது நெல்வயலில் அடிப்பதைவிட மோசம். பைரித்ராய்டு முகத்தில் பட்டால் குறுகுறுவென்று எரியும், மரத்ததுபோல இருக்கும். அடிக்கும் கூலியாள் நம் வீட்டு ஆள் இல்லை என்பதால் கவசம் வாங்கித் தராமல் இருப்பது பெரிய பாவம். ஆடி ஆவணியில் கவாத்து செய்து மரத்தின் உயரத்தைக் குறைத்தால் இந்தச் சிரமம் பாதியாகும், மருந்தும் மிச்சம்.

மருந்தில்லாமல் காவல் காக்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் செந்நிற முசுறு எறும்பு. அது இருக்கும் மரத்தில் தேயிலைக்கொசு தங்குவது கடினம். கொட்டை பொறுக்கும்போது கடிக்கிறது என்று கூட்டோடு கொளுத்துகிறோம். கடி வலிக்கும், மறுக்கவில்லை. ஆனாலும் கொல்லையின் ஓரத்து மரங்களிலாவது விட்டுவையுங்கள். புதிதாக நடுபவர்கள் பாஸ்கரா என்ற ரகத்தையும் விசாரிக்கலாம். கர்நாடகத்தின் புத்தூரில் உள்ள முந்திரி ஆராய்ச்சி இயக்ககம் வெளியிட்டது. கொசுத்தாக்குதல் மிதமாக இருக்கும் இடங்களில் தப்பித்துக்கொள்ளும் தன்மை உள்ளது.

எந்தப் புது மருந்தும் தெளித்துத் தீராத ஒன்று

தண்டுத் துளைப்பானைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், இதற்கு மேலே மருந்தடித்துப் பயனில்லை. கொசு ஒரு பருவத்து விளைச்சலை எடுக்கும். இது மரத்தையே எடுக்கும். செம்பழுப்பு நிற வண்டு, அடிமரத்துப் பட்டை வெடிப்பிலும் வெளியே தெரியும் வேரிலும் முட்டையிடும். புழு பட்டைக்கு அடியில் புகுந்து, நீரும் உணவும் போகும் பாதையைச் சுற்றிச் சுற்றித் தின்னும். மாதக்கணக்கில் உள்ளேயே கிடக்கும். வெளியே நமக்குத் தெரிவதெல்லாம் அடிமரத்தில் சிறு ஓட்டைகள், பிசினோடு கலந்த மரத்தூள். அதைக் கவனிக்காமல் விட்டால் இலை மஞ்சளாகி உதிர்ந்து, கிளை காய்ந்து, ஓரிரு ஆண்டில் மரம் பட்டுப்போகும்.

இங்கே வேலை செய்வது கண்ணும் உளியும்தான். மாதம் ஒருமுறை ஒவ்வொரு மரத்தின் தூரையும் குனிந்து பாருங்கள். மரத்தூள் தெரிந்தால் அந்த இடத்துப் பட்டையைச் செதுக்கி, பாதையைத் தொடர்ந்துபோய், புழுவைக் கொக்கிபோல வளைத்த சைக்கிள் கம்பியால் இழுத்து எடுக்கவேண்டும். நல்ல பட்டையை அதிகம் காயப்படுத்தாமல் செதுக்குவது ஒரு கைப்பழக்கம். செதுக்கிய இடத்தில் குளோர்பைரிபாஸ் 20 ஈ.சி. லிட்டருக்கு 10 மி.லி. கலந்து பூசுவது வழக்கமான பரிந்துரை. ஆனால் அந்த மருந்தையும் 2025இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை தன் பட்டியலில் சேர்த்துவிட்டது. இப்போதே வேப்பெண்ணெய்க்கு மாறிக்கொள்வது நல்லது: 5 சதவீதக் கரைசல், அதாவது லிட்டருக்கு 50 மி.லி.; கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம்வரை அடிமரத்திலும் வெளியே தெரியும் வேரிலும் ஆண்டுக்கு மூன்று முறை பூசவேண்டும். பூச்சியைக் கொல்லும் மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சாணத்தை வேப்பம்பிண்ணாக்கோடு கலந்து தூரைச் சுற்றி இடுவதும் உண்டு.

இலை பாதிக்குமேல் மஞ்சளாகி, அடிமரத்துப் பட்டையும் சுற்றளவில் பாதிக்குமேல் போய்விட்ட மரத்தைக் காப்பாற்ற முயலவேண்டாம். மனசு கேட்காதுதான், 2011 டிசம்பர் 30இல் தானே புயல் சாய்த்ததுபோக மிஞ்சிய மரம் என்றால் இன்னும் கேட்காது. ஆனாலும் வேரோடு தோண்டி எடுத்துவிடுங்கள். எடுத்த மரத்தை விறகுக்கு ஆகும் என்று கொல்லை ஓரத்திலேயே அடுக்கிவைக்கக் கூடாது. அடுக்கின மரத்துக்குள் புழு செத்துப்போவதில்லை. அங்கேயே கூட்டுப்புழுவாகி, வண்டாகி, பக்கத்து மரத்துத் தூருக்கு வந்துசேரும். அன்றைக்கே துண்டுபோட்டு, பட்டையை உரித்து, உள்ளே இருக்கும் புழுவையும் கூட்டையும் எடுத்து நசுக்கிவிட்டு, அப்புறம் விறகை வீட்டுக்கு ஏற்றுங்கள்.